மாற்றுருபு எவ்வளவு தூரம் பார்க்கும்? சோதிக்கும் வழி

ஒரே அடிச்சொல்லோ விகுதியோ சூழலுக்கேற்ப எடுக்கும் வேறு வேறு வடிவங்கள்தான் மாற்றுருபுகள். அவற்றைப் பட்டியல் போடுவது எளிது. எது மாற்றுகிறது, எவ்வளவு தள்ளி நின்று மாற்றுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. யார் கேட்டாலும் நான் முதலில் எடுப்பது 'மரம்'.

முதலில் ஒலிக்காரணத்தை விலக்குங்கள். மரம், கள் சேர்ந்து 'மரங்கள்' ஆவது வெறும் சந்தி. 'மரத்தை' அப்படியில்லை. அக்ரம் என்ற பெயரோடு ஐ சேர்த்தால் 'அக்ரமை' வரும், 'அக்ரத்தை' வராது. ஆக, சொல்லைப் பொறுத்த மாற்றம் இது. (தொல்காப்பியம் இதை அத்துச் சாரியை என்கிறது. சாரியை என்றாலும் அடிமாற்றம் என்றாலும் சோதனை ஒன்றுதான்.)

அப்புறம் நடுவில் ஒன்றைச் செருகுங்கள். மரத்தை, ஆனால் மரங்களை. வீட்டை, ஆனால் வீடுகளை. ஆற்றை, ஆனால் ஆறுகளை. கள் குறுக்கே வந்ததும் வேற்றுமைக்கு அடி எட்டவில்லை. வினையிலும் பாருங்கள்: நடந்தான் என்பதில் இறந்தகாலம் 'ந்த்'. பிறவினையாக்கினால் நடத்தினான், இப்போது 'இன்'. காலம் தன் பக்கத்தில் நிற்பதைத்தான் பார்க்கிறது, 'நட'வை அல்ல.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வேண்டுமென்றே எதிர்ச்சான்று தேடுங்கள். நான், என்னை: சரி. நாங்கள், எங்களை? கள் நடுவில் இருந்தும் அடி மாறிவிட்டதே! நீங்கள், உங்களை என்பதும் அப்படித்தான். பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இதற்குப் போதாது. 'எங்கள்' முழுதாக மனப்பாடமானது என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். அப்படியானால் எங்கள், உங்கள், நாங்கள், நீங்கள் எல்லாவற்றிலும் அதே கள் ஏன் வருகிறது? நான் சாய்வது வேறு விளக்கத்துக்கு. பெயர்ச்சொல்லில் அடியைப் பெயராக்கும் கணு (சொல்லின் உள்ளமைப்பில் ஓர் அடுக்கு) ஒன்று உண்டு, அதற்கு மேல் ஒரே ஒரு படிதான் அடியை எட்டும். ஒருமையில் அந்தப் படி வேற்றுமை, பன்மையில் கள். மூவிடப்பெயரில் அந்தக் கணு இல்லை, அதனால் வேற்றுமை அடிவரை போகிறது. பல மொழிகளிலும் வேற்றுமைக்காக அடியே வேறாவது மூவிடப்பெயர்களில் சாதாரணம், பெயர்ச்சொற்களில் மிக அரிது. ஆங்கிலத்தின் 'ஐ', 'மீ' நினைவிருக்கட்டும்.

ஓசையில்லாத உருபுகளிடம் கவனம் தேவை. ஒருமைக்கும் ஒரு சுழி உருபு உண்டு என்றால், 'வீட்டை'யிலும் நடுவில் ஏதோ நிற்கிறது! மொழியியலாளர் டேவிட் எம்பிக் 2010இல் முன்வைத்த கொள்கையில் இத்தகைய சுழிகள் கத்தரிக்கப்படும், இரு பக்கமும் நிற்பவை அண்டையாகிவிடும். நீங்கள் கத்தரிக்கிறீர்களா, விட்டுவைக்கிறீர்களா என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டு, கடைசி எடுத்துக்காட்டு வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.