வீட்டு ரெக்கார்டிங்: கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுப்பதும் வெளி ப்ரீஆம்ப்பை இணைப்பதும்

தனியாக ஒரு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் கருவி) வாங்கி, அதன் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் பிளக்) அவுட்புட்டை அப்படியே ஆடியோ இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியின், முன்பக்க மைக் இன்புட்டில் செருகிவிடுவதுதான் வீட்டு ஸ்டூடியோக்களில் அதிகம் நடக்கும் தவறு. ஒலி வரும், பதிவும் ஆகும். ஆனால் புதிய ப்ரீஆம்ப்பின் ஒலி இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் பழைய ப்ரீஆம்ப் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கேட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, அல்லது முன்பைவிட இரைச்சலாக இருக்கும். பழி, சிக்னலை எண்களாக மாற்றும் கன்வெர்ட்டர் மேல் விழும். அடுத்து அதையும் மாற்றச் செலவு செய்வார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை.

பாதையை முதலில் பார்த்துவிடுவோம். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் முன் ஒருவர் கிட்ட நின்று பாடும்போது அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ப்ரீஆம்ப் அதை 40 முதல் 60 டெசிபல் வரை உயர்த்தி லைன் லெவலுக்கு (கருவிகள் தமக்குள் சிக்னலைப் பரிமாறும் அளவுக்கு) கொண்டுவருகிறது. தொழில்முறைக் கருவிகளில் லைன் லெவல் என்றால் +4 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு), அதாவது சுமார் 1.23 வோல்ட். கன்வெர்ட்டர் அதற்குப் பிறகுதான் வருகிறது; லைன் லெவலில் வரும் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றுவது அதன் வேலை. இன்டர்ஃபேஸ் என்ற பெட்டிக்குள் இவை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வெளி ப்ரீஆம்ப்பை இணைக்கும்போது நாம் செய்ய வேண்டியது, உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப்பைத் தாண்டி நேராகக் கன்வெர்ட்டரை அடைவது.

லைன் இன்புட் எது?

முன்பக்கத்தில் இருக்கும், இரண்டு வகை பிளக்கும் செருகக்கூடிய காம்போ ஜாக்கில் எக்ஸ்எல்ஆர் பிளக்கைச் செருகினால் சிக்னல் மைக் ப்ரீஆம்ப்புக்குப் போகும். அதே துளையின் நடுவில் கால் அங்குல டிஆர்எஸ் பிளக்கை (நுனி, வளையம், உடல் என மூன்று தொடுமுனை உள்ளது) செருகினால் லைன் இன்புட். அதனால் ப்ரீஆம்ப்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு வர வேண்டிய கேபிள், ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் பெண் பிளக்கும் மறுமுனையில் டிஆர்எஸ் பிளக்கும் உள்ளது. இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள மைக் கேபிள் இங்கே உதவாது.

டிஆர்எஸ்ஸில் செருகிவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. பல இன்டர்ஃபேஸ்களில் டிஆர்எஸ் சிக்னலைக் குறைத்து, அதே ப்ரீஆம்ப் வழியாகவே அனுப்புகிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: லைனில் சிக்னல் கொடுத்துக்கொண்டே அந்தச் சேனலின் கெயின் குமிழை (சிக்னலை எவ்வளவு உயர்த்துவது என்று வைக்கும் குமிழ்) திருப்புங்கள். லெவல் மாறினால் வழியில் இன்னும் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதை மிகக் குறைந்த நிலையில் வைத்தால் பெரும்பாலும் பாதகமில்லை. நான்கு அல்லது எட்டு இன்புட் உள்ள பெட்டிகளில் பின்பக்க லைன் இன்புட்களுக்குப் பெரும்பாலும் கெயின் குமிழே இருக்காது. அப்படி இருந்தால் வெளி ப்ரீஆம்ப்புக்கு அதுதான் சரியான இடம்.

மைக் இன்புட்டில் செருகினால் என்னதான் ஆகும்? மைக் இன்புட்டின் தடை சுமார் 1.5 முதல் 3 கிலோ ஓம். லைன் இன்புட்டுக்கு 10 கிலோ ஓமும் அதற்கு மேலும். ப்ரீஆம்ப்பின் அவுட்புட் தேவையில்லாத சுமையை இழுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், பல மைக் இன்புட்கள் கெயினை முழுதும் குறைத்தாலும் ப்ரீஆம்ப் தரும் உச்ச லெவலைத் தாங்காமல் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி சிதையும். கிளிப்பைத் தவிர்க்க வெளி ப்ரீஆம்ப்பின் கெயினைக் குறைப்போம். எந்தக் கருவிக்காகப் பணம் கொடுத்தோமோ அதை வேலை செய்ய விடாமல் தடுக்கிறோம். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பேன்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே தரும் மின்சாரம்) போட்டிருந்தால் அது கேபிள் வழியாகப் பின்னோக்கி ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டுக்குப் போகும். சில சர்க்யூட்கள் தாங்கும், சில கெட்டுப்போகும்.

லெவல் கணக்கு

கன்வெர்ட்டரின் ஸ்பெக் பக்கத்தில் முதலில் தேட வேண்டிய எண், லைன் இன்புட்டின் அதிகபட்ச லெவல். எத்தனை டிபியு வந்தால் டிஜிட்டல் மீட்டர் உச்சமான 0 டிபிஎஃப்எஸ்ஸைத் தொடும் என்பதே அது. ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கில் அது +18 டிபியு. அமெரிக்க வழக்கில் +24. வீட்டு இன்டர்ஃபேஸ்களில் +16 அல்லது அதற்கும் குறைவாகவும் இருக்கும். +18 உள்ள பெட்டியில் +4 டிபியு சிக்னல் மீட்டரில் −14 காட்டும். +24 உள்ளதில் −20 காட்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் உள்ள ப்ரீஆம்ப்பை ஓங்கி ஓட்டினால்தான் அதற்கே உரிய ஒலி நிறம் வரும். அப்போது அவுட்புட் +20 டிபியுவைத் தாண்டும். +16இல் நிரம்பிவிடும் கன்வெர்ட்டர் அதற்கு முன்பே கிளிப் ஆகிவிடும். ஆகவே அந்த ஒலி வேண்டும் என்பவர்கள் கெயின் குமிழோடு தனி அவுட்புட் குமிழும் உள்ள ப்ரீஆம்ப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்: கெயினை ஏற்றி, அவுட்புட்டை இறக்கலாம். அது இல்லாவிட்டால் இடையில் ஒரு 10 டெசிபல் லைன் பேட் (லெவலைக் குறைக்கும் சிறு இணைப்பு) போதும். சில இன்டர்ஃபேஸ்களின் மென்பொருளில் லைன் இன்புட்டை +4, −10 என்று மாற்றலாம். −10 என்பது வீட்டுக் கருவிகளுக்கான −10 டிபிவி. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 டெசிபல் வித்தியாசம். தொழில்முறை ப்ரீஆம்ப்பை −10 நிலையில் இணைத்தால் சீக்கிரம் கிளிப் ஆகும். காரணம் தெரியாமல் நாள் முழுக்க ப்ரீஆம்ப்பைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

கன்வெர்ட்டரில் எந்த எண்ணுக்கு மதிப்பு?

டைனமிக் ரேஞ்ச் (மிக உரத்த சிக்னலுக்கும் கன்வெர்ட்டரின் சொந்த இரைச்சலுக்கும் இடையே உள்ள தூரம்) 110, 118, 124 என்று போட்டிபோட்டு அச்சிடுகிறார்கள். 24 பிட் என்பதற்குக் கணக்குப்படி 144 டெசிபல். நிஜத்தில் எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் தொடுவதில்லை. இந்த எண்கள் வீட்டுப் பதிவில் எவ்வளவு தூரம் பொருட்டு என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும்.

150 ஓம் தடை உள்ள மைக், அறை வெப்பநிலையில் தானாகவே சுமார் −131 டிபியு இரைச்சல் தரும். இயற்பியல் வைத்த எல்லை அது. எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. நல்ல ப்ரீஆம்ப் அதைச் சேர்த்து −128 அளவில் நிற்கும். ஷூர் எஸ்எம்7பி போன்ற, 60 டெசிபல் கெயின் கேட்கும் மைக்கை எடுத்துக்கொள்வோம். −128உடன் 60ஐக் கூட்டினால் −68 டிபியு. +18 டிபியுவில் நிரம்பும் கன்வெர்ட்டரில் அது −86 டிபிஎஃப்எஸ். உங்கள் பதிவின் அடியில் கிடக்கும் இரைச்சல் அங்கேதான் இருக்கும். கன்வெர்ட்டரின் சொந்த இரைச்சல் −110இல் இருந்தாலும் −120இல் இருந்தாலும் அது இதற்குள் மூழ்கிவிடும். இதற்கும் மேலே ஃபேன் சத்தம், தெருச் சத்தம், பாடகரின் மூச்சு.

ஆகவே 110 டெசிபல் தாண்டிய எந்தக் கன்வெர்ட்டரும் குரல் பதிவுக்குப் போதும். கவனிக்க வேண்டியவை வேறு: கெயின் இல்லாத லைன் இன்புட் எத்தனை, அவற்றின் அதிகபட்ச லெவல் என்ன, ஆப்டிக்கல் (ஒளிக் கேபிள்) இன்புட் உண்டா, உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நிறுவனம் தொடர்ந்து டிரைவர் தருகிறதா. கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் கைவிடுகிறது. டிரைவர் நின்றுபோனால் நல்ல பெட்டியும் அலமாரிக்குத்தான் போகும்.

சாம்பிள் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை முறை சிக்னலை அளப்பது என்பதற்கு) 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 96 வைத்தால் ஃபைல் இரண்டு மடங்கு. ஆப்டிக்கலில் சேனல்கள் பாதியாகும். பதிந்த ஒலியைப் பின்னால் மெதுவாக்கி விளைவுகள் செய்பவர்களுக்கு 96 பயன்படும்.

டிஜிட்டலாக இணைத்தால்

எட்டு மைக் ப்ரீஆம்ப்பும் கன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருந்து, ஒரே ஆப்டிக்கல் கேபிளில் ஏடாட் (பல சேனல்களை ஒளியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) வடிவில் சிக்னல் தரும் கருவிகள் உண்டு. பெரிங்கர் ஏடிஏ8200 அப்படிப்பட்டது. இன்டர்ஃபேஸில் ஏடாட் இன்புட் இருந்தால் எட்டு இன்புட்களைக் கூடுதலாகச் சேர்க்க இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. ஒரு ஏடாட் கேபிளில் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல், 96இல் 4.

இதில் தவறுவது எப்போதும் கிளாக், அதாவது ஒவ்வொரு சாம்பிளையும் எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் உள் கடிகாரம். இரண்டு பெட்டிகளும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்கும், அல்லது ஒலி கரகரக்கும். ஒன்று மட்டுமே மாஸ்டர். மற்றது அதைப் பின்தொடர வேண்டும். ப்ரீஆம்ப் பெட்டியில் ஏடாட் அவுட்டை மட்டும் இணைத்திருந்தால் ப்ரீஆம்ப்பை மாஸ்டராக்குங்கள். இன்டர்ஃபேஸின் மென்பொருளில் கிளாக் சோர்ஸை ஏடாட் என்று மாற்றி, ‘லாக்’ விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பெட்டிகளுக்காகத் தனியே மாஸ்டர் கிளாக் கருவி வாங்க வேண்டியதில்லை.

ஆப்டிக்கல் கேபிளின் முனைகளில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்தால் செருகவே முடியாது. எந்தத் துளை அவுட் என்று சந்தேகம் வந்தால், கருவியை ஆன் செய்துவிட்டுப் பாருங்கள்: சிவப்பு வெளிச்சம் வருவது அவுட். அதே துளை எஸ்பிடிஃப் என்ற இரண்டு சேனல் டிஜிட்டல் வடிவத்துக்கும் பயன்படும் பெட்டிகளில் மென்பொருளில் ஏடாட் என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆர்சிஏ ஜாக்கில் எஸ்பிடிஃப் இணைப்பதானால் 75 ஓம் கேபிள் வாங்குங்கள்.

கேபிளும் முதல் முறை ஆன் செய்வதும்

சொந்தமாகச் சால்டர் செய்பவர்களுக்கு: எக்ஸ்எல்ஆர் 2ஆம் பின் டிஆர்எஸ்ஸின் நுனிக்கு, 3ஆம் பின் நடு வளையத்துக்கு, 1ஆம் பின் உடலுக்கு. எட்டுச் சேனலுக்கு வரும் 25 பின் கேபிளில் டாஸ்கம், யமஹா என்று இரண்டு வயரிங் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

1. ஸ்பீக்கர் வால்யூமைக் குறையுங்கள். இரண்டு பெட்டிகளிலும் 48 வோல்ட்டை அணைத்து, எல்லாக் கெயினையும் கீழே இறக்குங்கள்.
2. மைக்கை ப்ரீஆம்ப்பில், ப்ரீஆம்ப்பை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் செருகுங்கள். ‘இன்ஸ்ட்’ பட்டன் அழுத்தியிருந்தால் விடுவியுங்கள், அது கிடாருக்கானது.
3. கண்டென்சர் மைக் என்றால் ப்ரீஆம்ப்பில் மட்டும் 48 வோல்ட் போட்டு, ஒரு நிமிடம் விடுங்கள். பழைய ரிப்பன் மைக் என்றால் போடவே வேண்டாம்.
4. பாட்டின் மிக உரத்த வரியைப் பாடச் சொல்லி, மீட்டரின் உச்சம் −12 முதல் −10 டிபிஎஃப்எஸ் வரும்வரை ப்ரீஆம்ப் கெயினை ஏற்றுங்கள்.
5. ப்ரீஆம்ப்பின் பீக் விளக்கையும் பாருங்கள். ப்ரீஆம்ப்புக்குள்ளேயே கிளிப் ஆனால் கம்ப்யூட்டர் மீட்டர் அதைக் காட்டாது.

சத்தம் வந்தால்

ப்ரீஆம்ப் கெயினை முழுதும் இறக்குங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் தவறு இன்டர்ஃபேஸ் பக்கம்: பெரும்பாலும் உள் கெயின் ஏறியிருக்கும். கெயினோடு சேர்ந்து இறங்கினால் மைக் பக்கம். உறுதிசெய்ய ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 2, 3 பின்களுக்கு இடையே 150 ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து, மைக்குக்குப் பதிலாகச் செருகி 60 டெசிபல் கெயினில் பதிவு செய்து பாருங்கள். சராசரி லெவல் மேலே போட்ட கணக்குக்கு அருகில் வந்தால் ப்ரீஆம்ப் நலம். மிச்சம் உங்கள் அறையின் சத்தம். பீக் மீட்டர் இதைவிடச் சற்று மேலே காட்டும்.

‘ம்ம்’ என்ற ஹம் வேறு விஷயம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அது கிரவுண்ட் லூப்: கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி, அதில் மின்சாரம் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இணையுங்கள். பிளக்கில் ஒரே கறுப்புக் கோடு உள்ள டிஎஸ் கேபிள் எங்காவது இருந்தால் டிஆர்எஸ் ஆக மாற்றுங்கள். அப்படியும் போகாவிட்டால் இடையில் லைன் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. ஹம் போகும், ஆனால் பழுது வந்த நாளில் மின்சாரம் மைக்கின் உலோகத்துக்கு வரலாம்.

ஸ்டீரியோவாக இரண்டு மைக் வைத்துப் பதியும்போது ஒன்றை ஏடாட் வழியாகவும் மற்றதை இன்டர்ஃபேஸின் சொந்த இன்புட்டிலும் கொடுக்காதீர்கள். இரண்டு கன்வெர்ட்டர்களும் எடுத்துக்கொள்ளும் நேரம் சில சாம்பிள்கள் மாறுபடும். இரண்டையும் கலக்கும்போது ஒலி உள்ளே வெறுமையானதாகக் கேட்கும். ஜோடி மைக் இரண்டும் ஒரே பெட்டிக்குப் போகட்டும். அதற்கு வழியே இல்லை என்றால், ஒரே கைதட்டலை இரண்டு பாதையிலும் பதிந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி எத்தனை சாம்பிள் தள்ளி விழுகிறது என்று எண்ணி, முந்தி வரும் டிராக்கை அந்த அளவு பின்னால் நகர்த்துங்கள். கைதட்டும்போது இரண்டு மைக்கின் தலைகளும் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் வந்த தாமதமும் கணக்கில் சேர்ந்துவிடும்.