பொருளைத் தெரிந்த ஆளை வீட்டில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்

சென்ற முறை எங்கள் எஸ்.ஏ.பி. (கம்பெனி நிர்வாக மென்பொருள்) பயனர் கூட்டத்தைக் காரைக்குடிப் பக்கம், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் பட்டாலையில் நடத்தினோம். கோயம்புத்தூரிலிருந்து பம்பு செய்பவர்கள், திருச்சியிலிருந்து ஃபேப்ரிகேஷன்காரர்கள், ஓசூரிலிருந்து சிலர் என்று முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாடிக்கையாளர் கேட்கிறபடி மாற்றி மாற்றிச் செய்துதரும் பொருளை மென்பொருளுக்குள் எப்படிச் சொல்லிவைப்பது என்பதுதான் பேச்சு. ப்ராடக்ட் கான்ஃபிகரேஷன் என்று தொழிலில் சொல்வோம்.

இந்தப் பெயராலேயே ஒரு தவறு நடக்கிறது. எஸ்.ஏ.பி. வேலை பார்ப்பவர்களிடம் ‘கான்ஃபிக்’ என்றால் கம்பெனி கோடு, பிளான்ட், ஆர்டர் வகை எல்லாம் செட் செய்வது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது வேறு வேலை. நாம் பேசுவது வேரியன்ட் கான்ஃபிகரேஷன், அதாவது ஒரு பொருளின் பல வடிவங்களை மென்பொருளுக்குள் சொல்லிவைப்பது. அழைப்பில் இதைத் தெளிவாக எழுதாவிட்டால், மெனக்கெட்டு லீவு போட்டு வந்தவர் முதல் மணி நேரத்திலேயே தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தவிப்பார். எங்கள் கூட்டத்திலும் ஒருவருக்கு அப்படி ஆனது. அழைப்பின் முதல் வரியிலேயே, “ஒரே பொருளைப் பல வடிவில் விற்கும் கம்பெனிகளுக்கான கூட்டம்” என்று போட்டிருந்தால் அவருடைய நாள் வீணாகியிருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, கம்பெனியிலிருந்து ஐ.டி. ஆளை மட்டும் அனுப்புவது. பெரும்பாலான கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. மாடலை, அதாவது பொருளின் வடிவங்களையும் விதிகளையும் மென்பொருளில், எழுதுபவர் ஐ.டி. ஆள் என்பது உண்மைதான். ஆனால் எது எதோடு சேரும், எது சேராது என்பது அவருக்குத் தெரியாது. அது ஃபோர்மேனுக்குத் தெரியும், இருபது வருஷமாக கொட்டேஷன் போடுகிறவருக்குத் தெரியும். அவர்கள் தலைக்குள் இருப்பதுதான் மாடல். மென்பொருளில் இருப்பது அதன் நகல்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கூட்டத்துக்கு ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறைக்காரரையும் அழைத்திருந்தோம். அவரிடம் எஸ்.ஏ.பி. கிடையாது, ஒரு நோட்டுதான். அவருடைய பொருளை வைத்தே பாடம் நடத்தலாம் என்று நினைத்தோம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஆக்ஸைடு கலந்த சிமென்டுக் கலவையைப் பூ வேலைக்கு ஏற்ப ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. கணக்குக்காக 30 டிசைன், 3 அளவு, 6 பின்னணி நிறம், 4 ஓர நிறம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டீரியல் கோடு (பொருள் எண்) போட்டால் 2,160 கோடு வேண்டும். கான்ஃபிகர் செய்யும் ஒரே மெட்டீரியலாக வைத்தால் டிசைன், அளவு, இரண்டு நிறம் என்று 4 குணங்கள், அவற்றுக்கு மொத்தம் 43 மதிப்புகள். அவ்வளவுதான். இதைப் பலகையில் எழுதியபோது எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் ஓசூர்த் தம்பி ஒருவர் பட்டறைக்காரரிடம் கேட்டார்: “அண்ணே, இந்த எல்லாப் பூவும் எல்லா சைஸ்லயும் வருமா?”

“வராது தம்பி. இந்தப் பெரிய பூவுக்குச் சின்ன அச்சே கிடையாது. அச்சு இருந்தாலும் பூவோட கோடு நெருங்கிப்போய் நிறம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.”

2,160 என்ற கணக்கே தப்பு என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது. செய்ய முடியாத கல்லுக்கெல்லாம் கோடு போட்டு விலையும் வைத்திருப்போம். இந்தக் கேள்வியைக் கேட்கவும் பதில் சொல்லவும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுக்க முடியாது என்றால், ஐ.டி. ஆளுக்குப் பதில் ஃபோர்மேனை அனுப்புங்கள் என்றுகூடச் சொல்வேன்.

மாதிரி இல்லாமல் வருவது, மூட்டையோடு வருவது

கையை வீசிக்கொண்டு வருபவர்கள் ஒரு பக்கம். நானூறு குணங்கள் உள்ள முழு மாடலையும் லேப்டாப்பில் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் உதவி கிடைக்காது. முதலாமவரின் பிரச்சினை யாருக்கும் புரியாது. இரண்டாமவரின் மாடலைத் திறந்து புரிந்துகொள்வதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும்.

உங்களைத் தொல்லை செய்யும் ஒரே ஒரு இடத்தை எடுத்து, ஐந்தாறு குணங்களுக்குள் சின்ன மாடலாக மறுபடி கட்டிக்கொண்டு வாருங்கள். வாடிக்கையாளர் பெயர், உண்மையான விலை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் போட்டிக் கம்பெனியாக இருக்க வாய்ப்பு உண்டு. இப்படிச் சுருக்கும்போதே பாதிப் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். எனக்குப் பல தடவை அப்படி நடந்திருக்கிறது.

அந்தக் கல் உதாரணத்தையே பார்ப்போம். பெரிய பூவைத் தேர்ந்தெடுத்தால் சின்ன அளவு வரக்கூடாது என்பது விதி. இதை ‘அளவு’ என்ற குணத்தில் உள்ள சின்ன அளவு என்ற மதிப்பின் மேல் ப்ரீகண்டிஷனாக (முன் நிபந்தனையாக) போடுகிறோம். டிசைனை முதலில் சொல்பவரிடம் சரியாக வேலை செய்யும். ஆனால் வீடு கட்டுகிறவர் எப்படிக் கேட்பார்? “எட்டு அங்குலக் கல்லுல என்ன பூ இருக்கு?” என்றுதான். அளவு முதலில் வருகிறது. ப்ரீகண்டிஷன் ஒரு பக்கமாகப் பார்ப்பது. இந்த வரிசையில் கேட்டால், அச்சே இல்லாத பூவும் பட்டியலில் வந்து நிற்கும். அதே விதியை டிசைன், அளவு என்று இரண்டு பத்தி உள்ள வேரியன்ட் டேபிளில் எழுதி, கான்ஸ்ட்ரெயின்ட் (இரண்டு பக்கமும் பார்க்கும் விதி) வழியாகக் கூப்பிட்டு, குணங்களையும் அதற்குத் தகுந்தபடி குறுகும்படி வைத்தால், எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் மற்றது குறுகும். புது அச்சு வாங்கினால் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோடிங் தெரிந்த ஆளைத் தேட வேண்டாம். கூட்டத்தில் இப்படி ஒரு விஷயம் கையில் கிடைத்தால் வந்த செலவு சரியாகிவிட்டது என்பேன்.

நல்லபடியாக ஓடும் டெமோவை மட்டும் பார்ப்பது

மேடையில் காட்டும் டெமோவில் வாடிக்கையாளர் மனசு மாறுவதே இல்லை. நிஜத்தில் கொட்டேஷன் போட்டு, ஆர்டராக மாற்றி, பாதி வேலை முடிந்தபின் “சிவப்பு வேண்டாம், பச்சை போடுங்க” என்பார். எல்லா நிறத்துக்குமான ஆக்ஸைடும் ஒரே பி.ஓ.எம்.மில் (பாகப் பட்டியலில்) இருக்கும். தேர்வுக்கு ஏற்ப எது வரவேண்டும் என்பதை செலெக்‌ஷன் கண்டிஷன் தீர்மானிக்கும். சரி, உற்பத்தி ஆர்டர் வந்தபின் நிறம் மாறினால்? மாடலில் விதியையே மாற்றிவிட்டால், போன மாதம் கொடுத்த கொட்டேஷனைத் திறக்கும்போது என்ன ஆகும்? பேசுபவரிடம் இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பரவாயில்லை, தேநீர் இடைவேளையில் தனியாகப் பிடியுங்கள். வெள்ளைப் பணியாரத் தட்டோடு நின்ற இடத்தில்தான் எங்கள் கூட்டத்தின் நல்ல பதில்கள் வந்தன.

இன்னொரு கேள்வியும் உண்டு. விதிகளை இனி யார் பராமரிப்பார்கள்? இது இந்தத் துறை பிறந்தபோதே வந்த தலைவலி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மாட் 1978-ல் எழுதத் தொடங்கிய ஆர்1 என்ற நிரலை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1980 முதல் தன் வாக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்கப் பயன்படுத்தியது. பின்னாளில் அதற்கு எக்ஸ்கான் என்று பெயர். கேபிள் விட்டுப்போன ஆர்டர், பொருந்தாத பாகம் உள்ள ஆர்டர் எல்லாவற்றையும் அது பிடித்தது. புதுப் பாகங்கள் வரவர விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கத் தனிக் குழுவே தேவைப்பட்டது. ஒரு ஆள் எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நம்மூரிலும் அதே கதைதான்.

பக்கத்துக் கம்பெனி மாடலை அப்படியே எடுத்துக்கொள்வதும் இப்போது அதிகமாக நடக்கிறது. தன் பழைய பதிப்பான இ.சி.சி.க்கு எஸ்.ஏ.பி. தரும் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. எல்லாரும் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு ஓடுகிறார்கள். 2017-ல் அதில் அட்வான்ஸ்டு வேரியன்ட் கான்ஃபிகரேஷன் என்ற புதிய என்ஜின் வந்தது. பழைய முறையில் எழுதிய எல்லாம் அதில் ஓடாது. ஆக்‌ஷன் வகை (மதிப்பைத் தானே நிரப்பும்) விதிகளை அது ஏற்காது. அவற்றை ப்ரொசீஜர் என்ற இன்னொரு வகை விதியாகவோ கான்ஸ்ட்ரெயின்டாகவோ மாற்றி எழுத வேண்டும். யாராவது மாடல் காட்டினால், அது பழைய என்ஜினா புதிய என்ஜினா என்று முதலில் கேட்டுவிட்டுக் குறிப்பெடுங்கள்.

கூட்டம் நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். முகூர்த்த மாதத்தில் செட்டிநாட்டுப் பக்கம் வைக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் கல்யாணத்துக்கு ஊர் திரும்பும் சமயம் அறை கிடைப்பது கஷ்டம். பெரிய வீடு பார்க்க அழகுதான், ஆனால் கனத்த சுவருக்குள் போன் சிக்னல் நிற்காது. டெமோ சிஸ்டம் வெளியே எங்கோ இருக்கும் என்பதால், முந்தின நாளே லைன் போட்டுச் சோதித்துவிடுங்கள். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சென்னைக்குப் போகும் பல்லவன் விடியற்காலையிலேயே காரைக்குடியை விட்டுக் கிளம்பிவிடும். அதைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக முக்கியமான அமர்வை இரண்டாம் நாள் மாலைக்குத் தள்ளாமல் முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள்.

திரும்பிப் போனபின் நடக்கும் தவறு ஒன்று பாக்கி. நாற்பது பக்கக் குறிப்பு எடுத்துப்போய் மேலாளருக்கு மெயில் அனுப்பிவிட்டு, அதோடு விட்டுவிடுகிறோம். எங்கள் கூட்டத்துக்கு வந்த பம்பு கம்பெனிப் பெண் ஒருவர் வேறு மாதிரி செய்தார். திங்கட்கிழமை காலை ஒரே ஒரு விதியை, மோட்டார் குதிரைத்திறனும் மின்சார ஃபேஸும் சேருவதைப் பற்றியதை, டேபிளாக மாற்றினார். கொட்டேஷன் போடும் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த டேபிளை வரிவரியாகப் படித்துக்காட்டினார். மூன்றாவது வரியிலேயே அவர் நிறுத்தினாராம்: “இந்த மோட்டார் நாம செய்றதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சே!”