ஃபார்மேட் செய்யக் கொடுக்கும் முன்: விண்டோஸை கமாண்ட் பிராம்ப்ட்டில் திறந்து ஃபைல்களை எடுப்பது எப்படி?

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா மகள் போன கத்திரி வெயிலில் அழாத குறையாகப் போன் செய்தாள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பாஸ்வேர்டு போட்டால் கருப்புத் திரை, அதில் மவுஸ் அம்பு மட்டும். "மாமா, ஃபார்மேட் பண்ணாதான் சரியாகும்னு கடையில சொல்றாங்க. என் புராஜெக்ட் மொத்தமும் அதுலதான் இருக்கு."

டெஸ்க்டாப் வராவிட்டால் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னலில் எழுத்தால் கட்டளையிட்டே அவற்றை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதே வழிதான்.

முதலில் பென்டிரைவைச் செருகுங்கள். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் பவர் குறி இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி அதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும்வரை ஷிஃப்டை விடாதீர்கள்.

அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். வேறு கணினியிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அப்புறம் எண் போட்ட பட்டியல் ஒன்று வரும். 4 என்பது வெறும் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் திறப்பது; 5 நெட்வொர்க்குடன். நமக்கு வேண்டியது 6, அதாவது கமாண்ட் பிராம்ப்ட்டுடன் சேஃப் மோட். அந்த எண் விசையை அழுத்துங்கள். லாகின் செய்யும்போது சில நேரம் பின் எண்ணை ஏற்காது, அதனால் பாஸ்வேர்டு தெரிந்திருப்பது நல்லது.

இப்போது திரையின் மூலைகளில் 'சேஃப் மோட்' என்று எழுதியிருக்கும். நடுவே கருப்பு ஜன்னல், அதில் சி:\விண்டோஸ்\சிஸ்டம்32> என்ற வரி, அதன் முனையில் கண் சிமிட்டும் கோடு. பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் தமிழில் எழுதும் கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டி, ஒவ்வொன்றுக்கும் என்டர் கொடுக்க வேண்டும்.

சிடி \யூசர்ஸ்
டிஐஆர்

'சிடி' ஃபோல்டருக்குள் போகும், 'டிஐஆர்' உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் தெரியும். 'சிடி' தட்டி, இடைவெளி விட்டு, பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். மீதிப் பெயரை அதுவே நிரப்பிவிடும். பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியும் தானாகவே வந்துவிடும். புதிதாகத் தட்டுபவர்களுக்கு இந்த டேப் விசைதான் பெரிய துணை. அதே மாதிரி டெஸ்க்டாப் ஃபோல்டருக்குள் போங்கள். அது காலியாக இருந்தால் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். அக்கா மகளுக்கு அங்கேதான் எல்லாம் இருந்தது.

பென்டிரைவின் எழுத்தைக் கண்டுபிடிக்க 'டிஐஆர் இ:' தட்டுங்கள். அதில் இருப்பவை வந்தால் 'இ'தான், வராவிட்டால் 'எஃப்', 'டி' என்று மாற்றிப் பாருங்கள். பிறகு:

ரோபோகாப்பி . இ:\சேவ் /இ

ரோபோ, காப்பி இரண்டையும் ஒட்டி எழுத வேண்டும். நடுவில் உள்ள புள்ளி 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று பொருள்படும். கடைசி '/இ' உள் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கும். சாய்கோடுகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாதையில் வருவது என்டருக்கு மேலே இருக்கும் \, '/இ'யில் வருவது கேள்விக்குறி விசையில் இருக்கும் /.

முடிந்ததும் ஒரு அட்டவணை வரும். அதில் 'ஃபெயில்டு' என்ற பத்தியில் எல்லாமே 0 என்றால் ஒரு ஃபைலும் விடுபடவில்லை. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களுக்கும், மறுபடி 'சிடி \யூசர்ஸ்' என்பதிலிருந்து தொடங்கி, இதையே செய்யுங்கள். ஆனால் 'சேவ்' என்பதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் கொடுங்கள்.

வெளியே வர கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பவர் குறியில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அடுத்த முறை கணினி சேஃப் மோடில் இல்லாமல் வழக்கமான முறையில் திறக்கப் பார்க்கும். பென்டிரைவை வேறு கணினியில் செருகி, முக்கியமான ஃபைல் இரண்டையாவது திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால், அதற்குப் பிறகு ஃபார்மேட் செய்யக் கொடுக்கலாம்.