எகிப்திய அரசர் பெயரை அடையாளம் காண ஒரு சுலப வழி
கெய்ரோ அருங்காட்சியகத்துக்கோ லக்சர் கோயில்களுக்கோ போகிறவர்கள் சித்திர எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம், முதலில் முடிச்சுப் போட்ட கயிறு போன்ற நீள்வட்ட வளையத்தைத் தேடுங்கள், அதற்குள் இருப்பதுதான் அரசர் பெயர் (சில இடங்களில் ராணி பெயர்). பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளையம் இருந்தால் இரண்டு அரசர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் ஒரே ஆளின் இரண்டு பெயர்கள்தான்.

சரி, எது எந்தப் பெயர்? வளையத்துக்கு முன்னால் கோரைச்செடியும் தேனீயும் இருந்தால் முடிசூடும்போது எடுத்துக்கொண்ட பெயர். வாத்தும் சூரிய வட்டமும் இருந்தால் சொந்தப் பெயர். ராம்செஸ் என்ற பெயரில் மட்டும் 11 அரசர்கள் இருப்பதால், எந்த ராம்செஸ் என்று பிரிக்க முடிசூட்டுப் பெயர்தான் கைகொடுக்கும்.

பழகிப் பார்க்கத் துட்டன்காமுன் நல்ல தேர்வு. அவருடைய முடிசூட்டுப் பெயரான நெப்கெப்பெரூரேயில் மேலே சூரிய வட்டம், நடுவே வண்டு, அதன் கீழே மூன்று சிறு கோடுகள், அடியில் கூடை. சூரியனை மேலே எழுதினாலும் 'ரே' என்று கடைசியில்தான் படிப்பார்கள், கடவுளுக்கு மரியாதையாம்!

அப்புறம், எகிப்தின் மிகப் பழைய அரசர்களில் ஒருவரான நார்மர் காலத்தில் வளையமே கிடையாது. அரண்மனை முகப்பு வரைந்த செவ்வகத்தைத் தேடுங்கள்.