போர்ஹோல் வற்றுமுன் அளந்து பாருங்கள்: டர்பன் வட்டார வீடுகளுக்கு

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அப்பகுதியில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படிப்பட்ட நாளில் வீட்டு போர்ஹோல், அதாவது ஆழ்துளைக் கிணறுதான் கைகொடுக்கும். ஆனால் நீர்மட்டம் பாராமல் இறைத்துக்கொண்டே இருந்தால், மழை பொய்த்த ஆண்டில் அதுவும் கைவிட்டுவிடும். மாதம் ஒருமுறை அளந்துவாருங்கள்.

50 மீட்டர் அளவு நாடா, அதன் நுனியில் கட்ட ஒரு சிறு எடை, சாக்கட்டி, 20 லிட்டர் வாளி, கடிகாரம், நோட்டு இருந்தால் போதும். கிணற்றுக்குள் பம்ப் குழாயை ஒட்டி, அடிப்பக்கம் திறந்த 25 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் ஒன்று இறங்கியிருக்க வேண்டும். நாடாவை அதன் வழியாகவே விடுங்கள். இல்லாவிட்டால் மின்கம்பியில் சிக்கி, பம்பையே தூக்கவேண்டி வரும். நாடாவை பிளீச் கலந்த நீரில் துடைத்துக் காயவிடவும்.

முதல் வேலை, ஓய்வு மட்டம். இரவு முழுதும் பம்பை நிறுத்திவிட்டு, காலையில் நாடாவின் முதல் 3 மீட்டருக்குச் சாக்கட்டி பூசி இறக்குங்கள். 20 மீட்டர் குறி கிணற்று வாயில் நிற்க, நனைந்த கோடு 1.40-இல் இருந்தால் நீர்மட்டம் 18.60 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அடுத்து பம்பைப் போட்டு வாளியை நிரப்புங்கள். 25 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 48 லிட்டர். அந்த வேகத்தில் 5,000 லிட்டர் ஜோஜோ (பிளாஸ்டிக் நீர்த்) தொட்டி நிரம்ப ஏறக்குறைய 104 நிமிடம் ஆகும். 5, 15, 30, 60 நிமிடங்களில் மட்டத்தை மீண்டும் அளந்து எழுதுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, அதே இடைவெளிகளில் மட்டம் ஏறுவதையும் குறியுங்கள். இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையைச் சொல்வது அதுதான். ஒரு மணி நேரம் இறைத்த கிணறு இன்னொரு மணி நேரத்தில் பழைய மட்டத்தை நெருங்காவிட்டால், ஊறுவதைவிட அதிகம் எடுக்கிறீர்கள். ஒரேயடியாக இறைக்காமல், அரை மணி ஓட்டி இரண்டு மணி ஓய்வு கொடுங்கள்; வால்வைச் சற்று மூடி வேகத்தையும் குறையுங்கள்.

மட்டம் பம்ப் வரை இறங்கினால் காற்று உறிஞ்சப்படும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் நீர்தான். அது நின்றால் சுருள் கருகும். வறண்டால் தானாக நிற்கும் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள். கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: மட்டம் மிகத் தாழ்ந்தால் உப்புநீர் உள்ளே நகரும், பிறகு அதைத் திருப்பி அனுப்புவது மிகக் கடினம். நீரின் சுவை மாறினால் உடனே இறைப்பைக் குறையுங்கள்.

இங்கே கோடை மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆகவே செப்டம்பர் அளவைச் சென்ற செப்டம்பருடன் ஒப்பிடுங்கள், மார்ச்சுடன் அல்ல. ஆண்டுக்காண்டு கீழிறங்கினால், பக்கத்து வீட்டுக் கிணறுகளையும் அளக்கச் சொல்லுங்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே நீர்தான். ஆய்வகத்தில் சோதிக்காமல் அதைக் குடிக்க வேண்டாம்.