கூலிங் கிளாஸ் வாங்க ஐந்து நிமிடம் போதும்

வெயில் கண்ணாடி வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது கறுப்பு நிறத்தைத்தான். அங்கேதான் ஏமாறுகிறோம். கறுப்புக் கண்ணாடிக்குள் வெளிச்சம் குறைவதால் கண்ணின் பாப்பா விரிந்துகொள்கிறது. அந்த லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த கண்ணுக்குள் அது தாராளமாக நுழையும். வெறுங்கண்ணோடு போவதைவிட இது மோசம்.

எனவே கடையில் நுழைந்ததும் மாடலைப் புரட்டாமல், 'யூவி 400' உள்ளவற்றை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான புற ஊதாக் கதிர்களை (யூவி) தடுக்கும் என்பது அதன் பொருள். பாதி நேரம் இதிலேயே மிச்சம். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால், லென்ஸைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். பல கண்ணாடிக் கடைகளில் இருக்கிறது. சில நொடி வேலைதான்.

அடுத்து, கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவு நிலையின் நேர்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் வேண்டாம், தலைவலிதான் மிஞ்சும்.

பைக் ஓட்டுபவர்களுக்குப் போலரைஸ்டு லென்ஸ் நல்லது. தார்ச்சாலையில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது வெகுவாகக் குறைக்கும். இரண்டு போலரைஸ்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றைக் கால் வட்டம் திருப்பினால் இருண்டுவிடும். இருளாவிட்டால் அசல் அல்ல.

'வகை 4' என்று குறித்திருக்கும் மிகக் கறுப்பு லென்ஸைப் போட்டுக்கொண்டு தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள்.