மெய்டன் பாடிய இரவை எழுதிவைப்பது எப்படி

2007 மார்ச் 17, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல்முறையாக மேடையேறியது அன்றுதான். இடம் பெங்களூரு அரண்மனை மைதானம். தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறிப் போன கல்லூரிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று காதோரம் நரைத்துவிட்டது. அந்த இரவு எப்படி இருந்தது என்று யாரைக் கேட்டாலும் "சொல்லி மாளாது" என்கிறார்கள். முகம் மலர்கிறது, கை தானாகக் கிட்டார் பிடிக்கிறது, அதற்குமேல் பேச்சு வருவதில்லை.

சொல்லி மாளாததையும் எழுதி வைக்கலாம். சில காலமாக நண்பர்களின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து வருகிறேன். அதில் கைகொடுத்த முறைகளை இங்கே தருகிறேன். உங்கள் நெஞ்சில் இருப்பவர் வேறொரு பாடகர் என்றாலும் இதே முறை உதவும்.

தள்ளிப் போடாதீர்கள் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிக்கோ மெக்பிரைன், 2024 டிசம்பரில் சாவோ பாவ்லோ நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டார். பாடகர் டிக்கின்சன், அவரோடு ஹாரிஸ், மர்ரே, ஸ்மித், கெர்ஸ், மெக்பிரைன் என்று நாம் பார்த்த அந்த ஆறு பேர் வரிசை இனி ஊர் ஊராக வரப்போவதில்லை. பார்த்தவர்கள் எழுதினால்தான் உண்டு.

முதல் வேலையைத் தனியாகச் செய்யுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். யூடியூபில் அந்த இரவின் காணொளிகளைத் தேடாதீர்கள், கூட வந்த நண்பனை அழைக்காதீர்கள், பழைய செய்திகளைப் புரட்டாதீர்கள். ஏன் இத்தனை கட்டுப்பாடு என்றால், மற்றவர் சொன்னதும் திரையில் பார்த்ததும் நம் நினைவுக்குள் சத்தமில்லாமல் குடியேறிவிடும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியல் அறிஞர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சில ஆண்டுகள் கழித்து அவர்களிடம் அதையே மறுபடி கேட்டபோது பலரின் கதை மாறிப்போயிருந்தது. தங்கள் கையெழுத்தையே காட்டியும் சிலர் புதுக் கதையை விடவில்லை. நெஞ்சில் பதிந்துவிட்டது என்று நாம் அடித்துச் சொல்வதும் நாளடைவில் இடம் மாறும். ஆகவே இன்று உங்களிடம் இருப்பதை, வேறெதுவும் கலக்கும் முன், தாளில் இறக்கிவிடுங்கள். மேலே எழுதும் தேதியைக் குறிக்க மறக்க வேண்டாம்.

எழுத உட்கார்ந்ததும் மனம் நேராக மேடைக்கு ஓடும். அதை இழுத்துப் பிடித்துப் பயணத்திலிருந்து தொடங்குங்கள். நான் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போனேன். கண்டோன்மெண்டில் இறங்கினால் மைதானம் பக்கம் என்று யாரோ சொல்ல, கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பெட்டி நிறைய அங்கே இறங்கினோம். அதுவரை ஒருவரை ஒருவர் தெரியாது. சட்டையில் மெய்டனின் சின்னமான எடி என்ற பேயுருவம் இருந்தது, அதுவே அறிமுகத்துக்குப் போதுமாக இருந்தது. இந்த வரியை எழுதியதும்தான், வரிசையில் நின்றது, செம்மண் புழுதி, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்ட பையன்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன. பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தால் இவை வந்திருக்காது.

அடுத்தது, அந்த நாளோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கும் வேறு சங்கதிகள். அன்று மாலை ஏழு மணிக்கு, நம் நேரப்படி, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உலகக் கோப்பையில் இந்தியாவும் வங்கதேசமும் ஆடத் தொடங்கின. இந்தியா 191 ரன்னுக்குச் சுருண்டு ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. மைதானத்தைவிட்டு வெளியே வந்தபோது ஸ்கோரை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கதவு திறந்தது. ஒருவர் ஆட்டோ ஓட்டுநரின் முகத்தைச் சொன்னார். ஒருவர் டீக்கடையில் மாட்டியிருந்த டிவியைச் சொன்னார். வேலூர் நண்பர், தனக்கு ஸ்கோர் காதிலேயே விழவில்லை, காதில் இன்னும் 'ஙொய்' என்றுதான் இருந்தது என்றார். அந்த 'ஙொய்'யை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இசையையே சாவியாக வைத்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. மெய்டன் மேடையேறும் முன் ஒலிபெருக்கியில் யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாடல் ஒலிப்பது நெடுநாள் வழக்கம். அது கேட்டால் அடுத்து அவர்கள்தான் என்று ரசிகர்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து விளக்குகள் எரிந்தபின் மான்ட்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவின் 'ஆல்வேஸ் லுக் ஆன் தி பிரைட் சைட் ஆஃப் லைஃப்' ஒலிக்கும். நினைவு கேட்கப் போகும்போது இந்த இரண்டையும் போனில் எடுத்துச் செல்லுங்கள். முதல் பாட்டைப் போட்டுவிட்டு எதுவும் பேசாமல் இருங்கள். எப்போதும் கணக்கு வழக்கையே பேசும் ஒரு தணிக்கையாளர் நண்பர், பாட்டு அரை நிமிடம் ஓடியதும், முன்னால் நின்ற ஆள் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்ததையும், அந்தப் பெண் குழந்தை இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்ததையும் சொன்னார். ஆண்டுக்கணக்கில் பழகியும் அவர் வாயிலிருந்து அதற்குமுன் அது வந்ததில்லை.

கேள்விகளைச் சின்னதாகக் கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்கே நின்றீர்கள், ஜானிக் கெர்ஸ் உங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா (மூன்று கிட்டார் கலைஞர்களில் துள்ளிக் குதித்து கிட்டாரைச் சுழற்றுபவர் அவர்தான், ஆகவே அவரை யாரும் மறப்பதில்லை, நின்ற இடமும் அதில் பிடிபட்டுவிடும்), யார் கையைப் பிடித்திருந்தீர்கள், செருப்பா ஷூவா, என்ன சாப்பிட்டீர்கள், எந்தப் பாட்டில் தொண்டை போனது, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை பாதி அங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாமல் வந்தவர், அப்பாவே டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர், தேர்வைச் சொல்லிப் புறப்பட்டவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று உண்டு.

பதிலில் எது பொது, எது அவருக்கே உரியது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். டிக்கின்சன் ஊர்ப்பெயரைச் சொல்லி, எனக்காகக் கத்துங்கள் என்று கேட்டது உண்மையாகவே மெய் சிலிர்க்கும் கணம். ஆனால் அவர் எந்த ஊரிலும் அப்படிக் கேட்பவர். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கும்போது கிட்டார் வாசிக்கும் மெட்டைக் கூட்டமே 'ஓ' என்று பாடுவதும் உலகம் முழுக்க நடப்பது. அதை ஒரு வரியில் சொன்னால் போதும். அந்த நேரத்தில் என் பக்கத்தில் நாகாலாந்தின் கொஹிமாவிலிருந்து வந்த இருவர் நின்றார்கள். நாட்கணக்கில் ரயிலில் வந்தவர்கள். மெட்டு தொடங்கியதும் ஒருவர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். பாட்டு முடியும்வரை நான் அந்தப் பொட்டலத்தை ஒரு கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மறுகையை மட்டும் தூக்கிப் பாடினேன். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதும்போது நான் நீளமாக நின்றது இந்த இடத்தில்தான். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதற்கே அதிகப் பக்கம் கொடுங்கள்.

இவ்வளவும் தாளில் வந்தபின் சரிபார்க்கலாம். எங்கள் தலைமுறைக்கு ஒரு பெரிய குழப்பம் உண்டு. மெய்டன் 2009 பிப்ரவரி 15 அன்றும் அதே மைதானத்தில் பாடியது. இரண்டுக்கும் போனவர்கள் ஒன்றை மற்றொன்றில் கலந்து சொல்வார்கள். பிரித்தறிவது எளிது. 2007இல் முதல் பாட்டு 'டிஃபரெண்ட் வேர்ல்ட்', 2006ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து. முன்னதாக டெல்லியின் பரிக்கிரமா குழுவும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் பாடினார்கள். சர்ச்சிலின் உரை ஒலித்து 'ஏசஸ் ஹை' தொடங்கியது என்று ஒருவர் சொன்னால் அது 2009. டிக்கின்சனே விமானம் ஓட்டி வந்தார் என்பதும் 2007 கதைக்குள் அடிக்கடி நுழைந்துவிடும். அவர் ஓட்டிய போயிங் 757, 2008 சுற்றுப்பயணத்துக்காகத் தயாரானது. அந்தப் பயணத்தின் முதல் நிகழ்ச்சி 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் நடந்தது.

தவறு தெரிந்தால் முதலில் எழுதியதை அடிக்காதீர்கள். பக்கத்தில் வேறு நிற மையில் குறித்து வையுங்கள். நண்பர் ஒருவர் மழை தூறியதாக உறுதியாகச் சொல்கிறார், மற்ற யாரும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் தூறியது, அப்படியே இருக்கட்டும். பாட்டு வரிசை, தேதி, யார் முன்னால் பாடினார்கள் என்பவற்றில் மட்டும் கறாராக இருங்கள்.

மற்றவர்களிடம் கேட்கும்போது தனித்தனியாகக் கேளுங்கள். நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரியவரின் கதையே எல்லோருடைய கதையும் ஆகிவிடும். கூடிப் பேசும் இன்பத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பேச்சைப் போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியிடுவதாக இருந்தால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் சொல்லாமல் வந்த அக்கா ஒருவர் இன்றுவரை பெயர் வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது நியாயம்.

எழுத்தில், 'இசை மழை', 'மறக்க முடியாத இரவு', 'கூட்டம் ஆர்ப்பரித்தது' ஆகிய மூன்றையும் கண்டால் எடுத்துவிடுங்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது என்பதைவிட, "பக்கத்தில் நின்றவன் கத்துவது வாயசைவில்தான் தெரிந்தது" என்பதில் அந்த இரைச்சல் இருக்கிறது. ஆங்கில இசைப் பத்திரிகைகளின் நடையையும் விட்டுவிடுங்கள். ஊருக்குத் திரும்பிய மறுநாள் விடுதியில் உட்கார்ந்து கூட்டாளிகளுக்கு எப்படிச் சொன்னீர்களோ அந்த வேகம் எழுத்தில் இருக்கட்டும்.

பொருள்களையும் பார்க்க வேண்டும். வெப்ப அச்சில் வந்த டிக்கெட்டாக இருந்தால் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மங்கும். லாமினேஷன் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டிலேயே தாள் கறுத்துவிடும், ஆகவே கூடவே கூடாது. இன்றே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு ஒரு வெள்ளைத் தாள் உறையில் போட்டு வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். சட்டையைத் தண்ணீரில் உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காய வையுங்கள். அச்சின்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. மடிப்பு எடியின் முகத்தில் விழாதபடி, இடையில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி வைத்து மடிக்கலாம்.

படங்கள்தான் உண்மையான சோகம். அன்று நம்மில் பலர் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு அதோடு நிம்மதியாக இருந்தோம். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஆனால் பழைய போனின் சின்ன மெமரி கார்டு பலர் வீட்டு மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. பொத்தான் டப்பா, பழைய பர்ஸ், அம்மாவின் தையல் பெட்டி எல்லாவற்றையும் தேடுங்கள். கிடைத்தால் கார்டில் எதையும் புதிதாக எழுதாமல் முதலில் கணினியில் முழுதாகப் படியெடுங்கள். அக்காலக் காணொளி புதுப் போனில் திறக்காவிட்டால் கணினியில் விஎல்சி என்ற காணொளி மென்பொருளில் பெரும்பாலும் திறக்கும். படம் மங்கலாகத்தான் இருக்கும். சிவப்புக் கோட்டு போட்டு யூனியன் ஜாக் கொடியை வீசும் டிக்கின்சன் கடுகளவு தெரிவார். ஒலியைக் கேளுங்கள். போனைப் பிடித்திருந்தவரின் குரலும் பக்கத்தில் நின்றவர்களின் குரலும் அதில் தெளிவாக இருக்கும்.

உள்ளே போனவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்கள் உண்டு. அப்படி நின்ற ஒருவர், காற்று திரும்பும்போது பாட்டு மங்கி மறுபடி வந்ததை, எந்த வரியில் போய் எந்த வரியில் வந்தது என்பதுவரை சொன்னார். முன்வரிசையில் நின்றவர் யாரும் இத்தனை கவனமாகக் கேட்டிருக்க மாட்டார். தொகுப்பில் அவர் பகுதியைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்ததும் தாளில் அச்சிட்டு, பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் சில வெற்றுப் பக்கங்கள் வைத்துத் தையுங்கள். படித்தபின் அவர்களுக்கு இன்னும் நினைவு வரும்.